பத்தரை மணிப் பார்சலும் பழகாத தெருவும்

வாசகர் கேள்விகளுக்கு ஒரு பழைய வேன் ஓட்டுநரின் பதில்கள்

பத்தொன்பது ஆண்டுகள் பார்சல் வேன் ஓட்டினேன். அதன் பிறகு ஆறு ஆண்டுகள், புதிதாகச் சேர்ந்தவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பயிற்சி கொடுத்தேன். முழங்கால் ஒத்துழைக்க மறுத்துவிட்டதால் இப்போது வீட்டிலிருந்து கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: தெரியாத ரூட், அதில் 'இத்தனை மணிக்குள் வந்துவிடும்' என்று யாரோ வாக்குக் கொடுத்துவிட்ட பார்சல்கள். எழுதியவர்கள் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிட்டேன்.

கேள்வி: அண்ணா, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. யார் விடுப்பில் போனாலும் அவருடைய ரூட்டை என் தலையில் கட்டுகிறார்கள். போன வாரம் ஒரு நாள் 130 நிறுத்தங்கள். அவற்றில் 14 பார்சல்கள் காலை பத்தரைக்குள் சேர வேண்டியவை. செல்போன் காட்டிய வரிசைப்படியே போனேன். ஐந்து தவறிவிட்டன. இத்தனைக்கும் நான் ஓடாத ஓட்டமில்லை. எங்கே தப்புச் செய்கிறேன்?

பதில்: தம்பி, நீங்கள் ஓடியது கிடங்கு வாசலைத் தாண்டிய பிறகு. பத்தரை மணிப் பார்சலின் தலையெழுத்து எட்டரைக்கு முன்பே, கிடங்குக்கு உள்ளேயே எழுதப்பட்டுவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். எட்டரைக்குக் கிளம்பினால் பத்தரை வரை 120 நிமிடம். 14 பார்சலுக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு எட்டரை நிமிடம். அதற்குள் வண்டியை ஓட்டி, நிறுத்த இடம் தேடி, பார்சலை எடுத்து, வாசலைக் கண்டுபிடித்து, கையெழுத்து வாங்கித் திரும்ப வேண்டும். வழக்கமான ஓட்டுநர் அந்த எட்டரை நிமிடத்தில் மிச்சம் பிடித்து, இடையிடையே சாதாரணப் பார்சல் இருபதைப் போட்டுவிடுவார். செல்போன் வரிசை அவருடைய கைகால்களை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. அதே வரிசையை நீங்கள் பிடித்துக்கொண்டு போனால், ஒன்பதே முக்காலுக்கு ஏதோ ஒரு சந்தில் அவசரமே இல்லாத ஒரு தலையணைப் பொட்டலத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நிற்பீர்கள்.

ஆகவே முதல் வேலை, அந்த 14 பார்சலையும் மற்றவற்றிலிருந்து பிரித்துத் தரையில் வரிசையாக வைத்து முகவரிகளைக் கண்ணால் பார்ப்பது. திரையில் பார்ப்பது போதாது. தரையில் வைத்தால்தான் இரண்டு பெட்டி ஒரே கட்டடத்துக்குப் போகிறது என்பதும், ஒன்று தனியாகத் தூக்க முடியாத கனம் என்பதும் தெரியும். பிறகு ஒரு தாளில் பகுதியை வரைந்துகொள்ளுங்கள். அழகாக வரைய வேண்டாம். ரயில் பாதை, ஆறு, நடுவில் தடுப்புச் சுவர் உள்ள பெரிய சாலை, இந்த மூன்றை மட்டும் கோடாகப் போட்டு, 14 புள்ளிகளை வையுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதை முழுக்க முடித்த பிறகே அந்தப் பக்கம் போக வேண்டும். பழகாத ரூட்டில் மனிதர்கள் நேரத்தைத் தொலைக்கும் பெரிய ஓட்டை இதுதான்: வரைபடத்தில் ஒட்டி நிற்கிற இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ரயில் பாதை கிடக்கும், சுற்றிக்கொண்டு வரப் பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

வரிசை போடும்போது கதவு எப்போது திறக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். எட்டு ஐம்பதுக்கு ஓர் அலுவலகத்தின் பூட்டை எண்ணிக்கொண்டு நிற்பதில் பயனில்லை. வீடுகள் முதலில், அலுவலகங்கள் அடுத்து. பல மாடிக் கட்டடம் என்றால் லிஃப்டுக்கும் காவலாளிக்கும் சேர்த்து இரட்டிப்பு நேரம் ஒதுக்குங்கள்.

பிறகு பெட்டிகளின் பக்கவாட்டில் தடித்த பேனாவால் 1 முதல் 14 வரை எண் எழுதுங்கள். பட்டைக் குறியீட்டின் மேல் எழுதிவிடாதீர்கள், ஸ்கேனர் படிக்காது. அந்தப் பதினான்கும் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், எண் வரிசையில் இருக்க வேண்டும். மற்ற 116 நிறுத்தங்களுக்கான பார்சல்களையும் பகுதி பகுதியாக அடுக்கிவிடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெட்டியைத் தேட அரை நிமிடம் போனால் 130 நிறுத்தங்களில் 65 நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டிக்குள்ளேயே குனிந்து நின்று செலவழித்துவிட்டு, சாலையில் ஆக்சிலேட்டரை மிதித்து அதைப் பிடிக்கப் பார்க்கிறோம்.

பத்தரை வரை சாதாரணப் பார்சலைத் தொடாதீர்கள். அதே கட்டடத்துக்கு இருந்தால் மட்டும் விதிவிலக்கு. பத்தரைக்கு மேல் சில தெருக்களுக்கு இரண்டாம் முறை போக வேண்டி வரும், கிலோமீட்டர் கூடும். கூடட்டும். அதை முன்கூட்டியே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள்: "இந்த ரூட் எனக்குப் புதிது, முதலில் நேரப் பார்சல்களை முடித்துவிட்டு வரிசைக்குத் திரும்புகிறேன்." கிளம்பும் முன் சொன்னால் அது திட்டம். மாலையில் சொன்னால் சாக்கு.

இன்னொன்று: ஒன்பதரைக்கு ஒரு முறை எண்ணிப் பாருங்கள். ஆறாவது முடிந்திருந்தால் சரி. நான்குதான் முடிந்திருக்கிறது என்றால் அந்த நிமிடமே கிடங்குக்குப் போன் செய்யுங்கள். ஒன்பதரைக்கு மேற்பார்வையாளரால் பக்கத்து ரூட்டுக்காரரை அனுப்பி இரண்டு பார்சலை வாங்கிக்கொள்ளச் சொல்ல முடியும். பத்து இருபத்தைந்துக்குச் சொன்னால் திட்டத்தான் முடியும். இந்தப் போனைச் செய்ய வெட்கப்பட்டே நான் பல பார்சல்களைத் தவறவிட்டிருக்கிறேன்.

ரூட்டின் சொந்தக்காரர் விடுப்பில் போகும் முன் பிடித்துவிட முடிந்தால் அதற்கு ஈடு எதுவுமில்லை. "ரூட் எப்படி?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "ஒன்றும் இல்லை, சுலபம்தான்" என்பார். அவருக்கு உண்மையிலேயே சுலபம்தானே! இப்படிக் கேளுங்கள்: எந்தக் கட்டடத்தில் முன்வாசல் வழியாகப் போகக் கூடாது? எந்தத் தெருவில் வேனைத் திருப்ப முடியாது? எங்கே பள்ளி விடும் நேரத்தில் மாட்டிக்கொள்வேன்? எந்த வீட்டில் அழைப்பு மணி வேலை செய்யாது?

முதல் கேள்வியைக் கேட்காததற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். முதன்முதலாக அடுத்தவர் ரூட்டில் போன நாள். கண்ணாடி முகப்பு வைத்த பெரிய கட்டடம். முன்வாசலில் வண்டியை நிறுத்தினேன். பொருட்கள் பின்புறமாகத்தான் வர வேண்டும் என்றார் காவலாளி. பின்புறம் போக ஒருவழிச் சாலையில் முழுச் சுற்று. அங்கே ஒரு பதிவேடு. அதில் எழுதக் கட்டிவைத்திருந்த பேனாவில் மை இல்லை. சரக்கு லிஃப்டுக்குள் யாரோ மேசைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏழாவது மாடிக்கு நடந்தே ஏறினேன். வாங்க வேண்டியவர் கூட்டத்தில் இருந்தார். உள்ளே போய் வெளியே வர 22 நிமிடம். விடுப்பு முடிந்து வந்த ஓட்டுநரிடம் ஆற்றாமையோடு சொன்னேன். மனிதர் சிரித்துவிட்டு, "பக்கவாட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கதவு இருக்குமே, பார்க்கவில்லையா? உள்ளே தபால் அறை. மொத்தக் கட்டடத்துக்கும் அவர்களே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார்கள்" என்றார். அந்தச் சாம்பல் கதவு எந்த வரைபடத்திலும் இல்லை.

கேள்வி: ஐயா, நான் கணினி அறிவியல் மாணவி. மிகக் குறைந்த தூரமுள்ள பாதையைக் கணினி நொடிகளில் போட்டுத் தருகிறது. அப்படியிருக்க, அனுபவமுள்ள ஓட்டுநர்கள் அதை மீறிப் போவது வெறும் பிடிவாதம்தானே?

பதில்: பாதி பிடிவாதம், ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு உங்கள் துறைக்காரர்களையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

இந்தச் சிக்கலை 1959-இல் டான்சிக், ராம்சர் என்ற இருவர் கணிதமாக எழுதினார்கள். கிடங்கிலிருந்து பெட்ரோல் நிலையங்களுக்கு எண்ணெய் கொண்டுபோகும் லாரிகளை எப்படி அனுப்புவது என்பதே அவர்களுடைய கேள்வி. மேலே தம்பி சொன்ன 14 பார்சலை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் தெரியுமா? 8,717 கோடிக்கு மேல். அவற்றில் நல்லதொன்றைத் தேர்ந்தெடுக்க மனித மூளையைவிடக் கணினி மேல் என்பதில் எனக்கு வழக்கே இல்லை.

வழக்கு வேறு இடத்தில். 2021-இல் அமேசானும் எம்ஐடி பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு போட்டி நடத்தின. உண்மையான ஓட்டுநர்கள் ஓட்டிய ஆயிரக்கணக்கான ரூட்களின் விவரத்தைக் கொடுத்தார்கள். மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. அனுபவமுள்ள ஓட்டுநர் எந்த வரிசையில் போவாரோ அதை ஊகிக்கச் சொன்னார்கள். ஏன்? கணினி போட்டுக் கொடுத்த பாதையை ஓட்டுநர்கள் மாற்றிக்கொண்டு போகிறார்கள், அந்த மாற்றத்தில் கணினிக்குத் தெரியாத சங்கதி ஏதோ இருக்கிறது என்று அவர்களுக்கே பட்டிருக்கிறது. போட்டியில் வென்ற வில்லியம் குக், ஸ்டீபன் ஹெல்ட், கெல்ட் ஹெல்ஸ்கான் ஆகிய மூவரும் பாதை கணக்கிடுவதில் உலகறிந்தவர்கள். ஓட்டுநர்கள் ஒரு பகுதியை முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போகும் பழக்கத்தைத் தரவுகளிலிருந்து பிடித்து, அதைத் தங்கள் கணக்கில் நிபந்தனைகளாகச் சேர்த்துக்கொண்டுதான் வென்றார்கள்.

தூரம் மட்டுமே பார்க்கிற கணக்கு, எதிரே வரும் வண்டிகளை வெட்டிக்கொண்டு திரும்புவதற்கு எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று பார்ப்பதில்லை. அமெரிக்காவில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். அங்கே யுபிஎஸ் என்ற பார்சல் நிறுவனம் இடது திருப்பங்களை இயன்றவரை தவிர்த்துத்தான் ரூட் போடுகிறது. இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் அதுவே வலது திருப்பம். சாலையில் நிற்கிறவனுக்கு முதல் வாரத்திலேயே புரிகிற விஷயம் இது.

அப்புறம் அந்தப் புள்ளி. வரைபடத்தில் வீட்டுக்குக் குத்தியிருக்கும் புள்ளி பெரும்பாலும் கட்டடத்தின் நடுவில் இருக்கும். வாசல் நடுவில் இருக்காது. பெரிய வளாகமாக இருந்தால், செல்போன் உங்களைச் சுவருக்கு மிக அருகிலுள்ள சாலையில் கொண்டுபோய் நிறுத்தி "சேருமிடம் வந்துவிட்டது" என்று அறிவிக்கும். எதிரே எட்டடி மதில். வாசல் மறுபக்கம். படிப்பை முடித்ததும் இந்த மதிலுக்கு ஏதாவது வழி செய்யுங்கள் அம்மா. ஓட்டுநர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

கேள்வி: நேர உத்தரவாதம் என்ற இந்தத் தலைவலியை யார் தொடங்கி வைத்தது?

பதில்: ஒருவர் தலையில் போட முடியாது. ஆனால் 'நாளைக் காலைக்குள்' என்பதைப் பெரும் தொழிலாக்கிய நிறுவனங்களில் ஃபெடெக்ஸ் முன்வரிசையில் நிற்கிறது. 1973 ஏப்ரல் 17 இரவு, அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தை மையமாக வைத்து 14 சிறிய விமானங்களோடு வேலையைத் தொடங்கினார்கள். முதல் இரவு 25 நகரங்களுக்குப் போன பார்சல்கள் மொத்தம் 186. இன்று ஒரே வேனில் அதற்கு நிகராக ஏற்றிவிடுகிறார்கள்.

கேள்வி: என் மகன் பார்சல் வேலைக்குப் போன பிறகு வண்டி ஓட்டும் வேகத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. கேட்டால், "நேரம் தவறினால் வேலை போய்விடும் அப்பா" என்கிறான். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்.

பதில்: புத்திமதியாகச் சொன்னால் கேட்க மாட்டார், நானும் அந்த வயதில் கேட்டதில்லை. கணக்காகச் சொல்லிப் பாருங்கள். இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே இரண்டு கிலோமீட்டர் என்று வையுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் மூன்று நிமிடம். 60-இல் போனால் இரண்டு நிமிடம். உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்தது ஒரு நிமிடம். அதுவும் நடுவில் சிக்னல் ஒன்றுகூட இல்லாவிட்டால். அந்த ஒரு நிமிடத்தை, பெட்டியை எண் வரிசையில் அடுக்கியிருந்தால் இரண்டே நிறுத்தங்களில் நின்றபடியே சம்பாதித்திருக்கலாம்.

பழகாத சாலையில் வேகம் இன்னும் மோசமான வியாபாரம். திரும்ப வேண்டிய இடத்தை வேகத்தில் தாண்டிவிடுவார். அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றி வர நான்கு நிமிடம் போகும். ஒரு நிமிடம் வரவு, நான்கு நிமிடம் செலவு.

நிறுவனங்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. டோமினோஸ் பீட்சா நிறுவனம் அமெரிக்காவில் '30 நிமிடத்துக்குள்' என்ற உத்தரவாதத்தைப் பல ஆண்டுகள் பெருமையாக விளம்பரம் செய்தது. அதன் ஓட்டுநர் ஒருவர் சிக்னலை மீறியதில் நடந்த விபத்து நீதிமன்றத்துக்குப் போனது. ஏழு கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு தரச் சொல்லி நடுவர் குழு தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் அந்த உத்தரவாதத்தையே நிறுவனம் கைவிட்டது. மகனிடம் இதைச் சொல்லுங்கள். அப்படியே முடிந்தால் அவருடைய மேற்பார்வையாளரிடமும்.

கேள்வி: பத்தரை மணிப் பார்சல். தெருமுனையில் நெரிசலில் நிற்கிறேன். மணி 10.28. வாசலுக்குப் போக இன்னும் ஐந்து நிமிடம் ஆகும். இங்கிருந்தே 'டெலிவரி ஆனது' என்று ஸ்கேன் செய்துவிட்டால் என்ன? யாருக்கு நஷ்டம்?

பதில்: செய்யாதீர்கள். நான் ஒரு முறை செய்திருக்கிறேன்.

அவசர மருந்தோ பத்திரமோ இல்லை, ஏதோ காலணி. ஐந்து நிமிடம்தானே என்று வண்டியிலேயே ஸ்கேன் செய்தேன். நெரிசல் விட்டபாடில்லை, ஐந்து நிமிடம் இருபது நிமிடமானது. வீட்டம்மா வாசல்படியில் செல்போனைப் பிடித்தபடி நின்றிருந்தார். கோபப்படவில்லை. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'உங்கள் பார்சல் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது.' அடுத்த வீட்டுக்காரர் எடுத்துவிட்டாரோ என்று போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் பாவம். பெட்டியை வாங்கிக்கொண்டு, "அவர்களிடம் நீங்கள் வந்து சொல்கிறீர்களா?" என்று கேட்டார். போனேன். அடுத்த வீட்டுக் கதவின் முன் நின்று, தவறு என்னுடையது என்று சொன்ன அந்த இரண்டு நிமிடத்தைவிட, ஒரு மாதம் முழுக்கத் தாமதக் குறிப்பு வாங்கியிருக்கலாம்.

இப்போதைய ஸ்கேனர்கள் நீங்கள் எந்த இடத்தில் நின்று அழுத்தினீர்கள் என்பதையும் சேர்த்துப் பதிவு செய்யக்கூடியவை. தாமதத்துக்குக் காரணம் சொல்லலாம், பொய்க்கு வேலை போகும். 10.33 என்றால் 10.33 என்றே இருக்கட்டும். நெரிசல் என்று காரணம் எழுதுங்கள். கிளம்பிய நேரத்தையும் எழுதுங்கள். கிடங்கிலேயே வண்டி தாமதமாக விடப்பட்டிருந்தால் அது யார் தவறு என்று அந்த ஒரு வரி சொல்லும்.

கேள்வி: நான் வேன் ஓட்டும் பெண். தெரியாத பகுதியில் கழிப்பறை எங்கே என்று தெரியாது, தேட நேரமும் இல்லை. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. வேறு வழி இருக்கிறதா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. ஆறு ஆண்டுகள் பயிற்சி கொடுத்திருக்கிறேன். இதை ஒரு நாளும் பாடமாகச் சொன்னதில்லை. ஆண் ஓட்டுநர்கள் சாலையோரத்தில் சமாளித்துவிடுவதால், இது ஒரு பிரச்சினை என்றே எங்கள் கண்ணில் படவில்லை.

தண்ணீரை நிறுத்துவது வேண்டாம். வேன் அடுப்பு மாதிரி. உடம்பில் நீர் குறைந்தால் முதலில் போவது கவனம்தான், பிறகு சிறுநீர்த் தொற்று வந்து சேரும். நான் கேட்டறிந்தவரை, அனுபவமுள்ள பெண் ஓட்டுநர்கள் கழிப்பறையை ஒரு நிறுத்தமாகவே ரூட்டில் சேர்த்துவிடுகிறார்கள். தாளில் 14 புள்ளி வைக்கச் சொன்னேனே, அதில் பெட்ரோல் நிலையம், மருத்துவமனை, பஸ் நிலையம், நூலகம் இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நேரப் பார்சல் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. நாளுக்கு நாள் ரூட்டை மாற்றித் தருகிற மேற்பார்வையாளரிடம், பழைய ரூட்டுக்காரர்கள் பயன்படுத்தும் இடங்களின் பட்டியலைக் கேளுங்கள். கூச்சமாக இருந்தால் மற்றப் பெண் ஓட்டுநர்களோடு சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். அதற்கு ஆகும் பத்து நிமிடத்தை ரூட்டின் நேரக் கணக்கில் சேர்க்க வேண்டியது அவர்களுடைய கடமை. நீங்கள் சலுகை கேட்கவில்லை.

கேள்வி: 11 மணிக்குள் வந்துவிடும் என்று கூடுதல் கட்டணம் வாங்கினார்கள். 11.20-க்கு வந்தது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? கேட்டால் அந்த இளைஞருக்குப் பாதிப்பு வருமா என்று தயக்கம்.

பதில்: கேளுங்கள். உத்தரவாதம் கொடுத்தது நிறுவனம். கட்டணம் வாங்கியதும் அதுதான். பொதுவாக அனுப்புவதற்குப் பணம் கட்டியவரே கேட்க வேண்டும். அதற்கென்று நாள் கெடுவும், புயல் மழை போன்ற விலக்குகளும் ரசீதின் பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள். எழுதும்போது ஓட்டுநரின் நடத்தையைப் பற்றிப் புகார் எதுவும் இல்லை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த வரி அவருக்கு உதவும்.

உங்கள் பக்கத்திலும் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். கதவு எண் தெருவிலிருந்து தெரிகிறதா? பல வீடுகளில் எண்ணை ஒரு கொடி மூடியிருக்கும், அல்லது திறந்து வைத்த கேட்டின் உட்பக்கம் இருக்கும். தெரியாத தெருவில் வருகிற ஓட்டுநர் 21-ஐயும் 25-ஐயும் பார்த்துவிட்டு, 23 எங்கே என்று முன்னும் பின்னும் போய்க்கொண்டிருப்பார். உங்கள் இருபது நிமிடத்தில் சில நிமிடங்கள் அந்தக் கொடிக்குள் இருக்கலாம்.

கேள்வி: இரண்டு மாதமாக ஒரே ரூட். இன்னும் தெருக்கள் மனத்தில் நிற்கவில்லை. எனக்கு மூளை மந்தமா?

பதில்: இல்லை. செல்போன் பேசுவதைக் கேட்டுக்கொண்டு போனால் இருபது மாதம் ஆனாலும் நிற்காது. வழியைக் கண்டுபிடிக்கும் வேலையை அதுவே செய்துவிடுகிறதே. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் பெற, நகர மையத்தைச் சுற்றியுள்ள சுமார் 25,000 தெருக்களை மனத்தில் ஏற்ற வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கிறது. அவர்களுடைய மூளையை ஆராய்ந்து 2000-இல் வெளியான ஆய்வு, வழி நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதைக் காட்டியது. தெருவை மனத்தில் ஏற்றுவது அவ்வளவு பெரிய வேலை.

ஒரு வாரத்துக்கு இப்படிச் செய்து பாருங்கள். திரையில் வரைபடம் வண்டியோடு சேர்ந்து சுழலாமல், வடக்கு எப்போதும் மேலே இருக்கும்படி வையுங்கள். பார்சல் எல்லாம் முடிந்து கிடங்குக்குத் திரும்பும்போது செல்போனை அணைத்துவிடுங்கள். அப்போது நேரக் கெடு எதுவும் இல்லை, தொலைந்து போனாலும் பரவாயில்லை. நான் தெருக்களைக் கற்றுக்கொண்டது பெரும்பாலும் தொலைந்து போன மாலைகளில்தான்.

கேள்வி: தெரியாத ரூட்டை ஓட்டி முடித்த நாளின் கடைசியில் நீங்கள் செய்கிற முதல் வேலை என்ன?

பதில்: காலணியைக் கழற்றுவது. இரண்டாவது வேலை, வண்டியை விட்டு இறங்கும் முன் ஒரு தாளில் அடுத்து வருகிறவருக்குக் குறிப்பு எழுதுவது. சாம்பல் கதவு விவகாரத்துக்குப் பிறகு வந்த பழக்கம் இது. கடைசியாக எழுதியது இன்னும் என்னிடம் இருக்கிறது. ரூட்டுக்காரர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்படியே தருகிறேன்:

'கதவு எண் 14 – அழைப்பு மணி வேலை செய்யாது, ஜன்னலைத் தட்டு. 31 – நாய் குரைக்கும், கடிக்காது. 31-க்கு எதிர் வீட்டு நாய் குரைக்காது, கடிக்கும். மூன்றாவது சந்தில் வேனை விடாதே, பின்னால் எடுக்க வேண்டியிருக்கும். 60 – தாத்தா கையெழுத்துப் போட நேரம் எடுப்பார், அவசரப்படுத்தாதே. அதனால் அவரை பத்தரைக்குப் பிறகு வைத்துக்கொள்.'

அடியில் ரூட்டுக்காரர் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'எதிர் வீட்டு நாய் பற்றி எனக்கே தெரியாது.'